சரிவில் பறக்கும் பால்சா கிளைடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரிவின் விளிம்பில் நின்று, பால்சா மரத்தில் செய்து ரேடியோவால் ஓட்டும் இன்ஜின் இல்லாத கிளைடரைப் பறக்க விடும்போது வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வீட்டுக்குப் போய்ச் செய்ய ஆரம்பித்தவர்கள் அப்புறம் போனில் கேட்பதும் அப்படியே. பல வருடங்களாகத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

பதில்களில் வரும் கணக்கெல்லாம் ஒரே விமானத்தை வைத்துச் சொன்னது. நுனிக்கு நுனி 120 செ.மீ. இறக்கை, அகலம் எல்லா இடத்திலும் 16 செ.மீ., மொத்த எடை 400 கிராம். முதல் முறை செய்கிறவருக்கு இந்த அளவு நல்லது.

இன்ஜினே இல்லாம எப்படி சார் மணிக்கணக்கா மேலயே நிக்குது?

அது மேலே நிற்கவில்லை, எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. நம் கிளைடர் அசையாத காற்றில் நொடிக்கு முக்கால் மீட்டர் போல இறங்கும். ஆனால் சரிவில் வந்து மோதும் காற்றுக்குப் போக வேறு வழி கிடையாது, மேலே ஏறித்தான் தாண்ட வேண்டும். அந்தக் காற்று நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஏறினால், அதற்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கிளைடர் நம் கண்ணுக்கு ஏறுவதாகத் தெரியும். காற்று இருக்கும்வரை பறக்கலாம். பேட்டரி செலவாவது ரேடியோவுக்கும், வாலையும் இறக்கையையும் அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவுக்கும் மட்டும்தான்.

இது புது வித்தையும் அல்ல. ரைட் சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் ரைட் 1911 அக்டோபர் 24 அன்று அமெரிக்காவின் கில் டெவில் ஹில்ஸ் மணல்மேட்டில், மேலேறும் காற்றை மட்டும் நம்பி 9 நிமிடம் 45 விநாடி கிளைடரில் மிதந்தார். நாம் தரையில் நின்றுகொண்டு அதே வேலையைத்தான் செய்கிறோம்.

பெரிய மலை இருந்தாத்தான் முடியுமா?

வேண்டாம். பத்துப் பதினைந்து மீட்டர் உயர மேடு போதும், ஆனால் அதன் முகம் காற்றைப் பார்த்து இருக்க வேண்டும். முன்னால் மரக்கூட்டமோ கட்டடமோ இருந்தால் காற்று கலங்கிப்போய் வரும். கடலைப் பார்த்த மேடுகள் நன்றாக இருப்பது அதனால்தான். கடல்மேல் காற்றைக் கலைக்க எதுவும் இல்லை.

காற்று சரிவுக்கு நேராக வர வேண்டும். இருபது முப்பது டிகிரி சாய்ந்து வந்தால் சமாளிக்கலாம், அதற்கு மேல் சாய்ந்தால் தூக்கும் பலம் குறைந்துவிடும். வேகம் மணிக்கு 15 முதல் 30 கி.மீ. வரை சுகமாக இருக்கும். மேட்டின் உச்சிக்குப் பின்னால் மட்டும் போகாதீர்கள். அங்கே காற்று கீழ்நோக்கிச் சுருண்டு விழும், அதில் மாட்டிய விமானத்தைக் கையில் இருக்கும் ரேடியோவின் எந்த ஸ்டிக்கும் காப்பாற்றாது. பறக்க விடுவதற்கு முன் உங்கள் நாட்டில் ஆளில்லா விமானங்களுக்கு என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரி விமானங்களும் பல நாடுகளில் அந்த விதிக்குள் வருகின்றன.

இதுவரைக்கும் எதையுமே பறக்க விட்டதில்ல. முதல்லயே பால்சா செய்யலாமா?

செய்யுங்கள், ஆனால் அதில் கற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு பால்சா விமானம் செய்யப் பல வாரம் மாலை நேரம் போகும். அதை முதல் நாளே தரையில் குத்தினால் மனம் விட்டுப்போகும். இ.பி.பி. எனும் ரப்பர் மாதிரி வளையும் நுரையில் செய்த கிளைடர் ஒன்றில் விழுந்து எழுந்து பழகுங்கள். கணினியில் பழகும் சிமுலேட்டரும் உதவும், முக்கியமாக விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிப்போகும் குழப்பத்துக்கு. பறக்கப் பழகிக்கொண்டே பக்கத்தில் பால்சா வேலையும் நடக்கட்டும்.

அப்போ நுரையே போதுமே, பால்சா எதுக்கு?

நுரை அடி தாங்கும். பால்சா காற்றில் பேசும். முறுக்காத, வளையாத இறக்கை காற்றின் சின்ன ஏற்றத்தையும் உடனே காட்டும். நுரை அதைத் தானே வாங்கிக்கொண்டு மழுப்பிவிடும். நான் இன்னும் பால்சாவில் செய்வதற்கு இது ஒன்றே காரணம்.

பால்சா தென் அமெரிக்க மரம், உலகச் சந்தைக்கு அதிகம் வருவது ஈக்வடாரிலிருந்து. ஏழெட்டு வருடத்தில் வெட்டும் அளவுக்கு வளர்ந்துவிடும். பச்சையாக இருக்கும்போது அதன் செல்கள் நிறைய தண்ணீர். சூளையில் உலர்த்தியதும் அந்த இடமெல்லாம் காலியாகி, மரம் இறகு போல் ஆகிவிடுகிறது. எடைக்கு எடை பார்த்தால் அதன் விறைப்பு ஆச்சரியமானது.

கடையில எல்லா ஷீட்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. எதை எடுக்கறது?

கையில் ஒரு சின்னத் தராசு கொண்டு போங்கள். ஒரே கட்டிலிருந்து எடுத்த, ஒன்றரை மி.மீ. கனமும் 10 செ.மீ. அகலமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள இரண்டு ஷீட்டுகளை நான் எடை போட்டேன். ஒன்று 18 கிராம், இன்னொன்று 31. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லேசானது வாலுக்கும் இறக்கை நுனிக்கும், கனமானது உடலின் முன்பகுதிக்கும். வாங்கியதும் ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும் பென்சிலால் எடையை எழுதி வைத்துவிடுங்கள்.

அடுத்து ரேகை. நீளவாக்கில் நார்க்கோடுகள் மட்டும் தெரியும் ஷீட் குறுக்கே எளிதாக வளையும். இதை ஏ ரகம் என்பார்கள், இறக்கையின் முன்விளிம்பைச் சுற்றி ஒட்ட நல்லது. மேற்பரப்பில் மீன் செதில் போலப் பளபளக்கும் புள்ளிகள் தெரிந்தால் அது சி ரகம். விறைப்பாக நிற்கும், வளைத்தால் பிளக்கும். ரிப்புக்கும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டு) தட்டையான வாலுக்கும் அதுதான் வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ளது பி ரகம், மற்ற எல்லாவற்றுக்கும்.

இறக்கையோட குறுக்குவெட்டு எந்த வடிவம் வைக்கலாம்?

முதல் விமானத்துக்கு கிளார்க் ஒய். 1922-ல் வர்ஜினியஸ் கிளார்க் வரைந்த வடிவம், விமானி லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் இறக்கையும் இதுதான். அகலத்தில் 11.7 சதவீதம் கனம். நம் 16 செ.மீ. இறக்கைக்கு கிட்டத்தட்ட 19 மி.மீ. வரும். அடிப்பக்கத்தில் பெரும்பகுதி தட்டை என்பதால் பலகைமேல் வைத்து அப்படியே கட்டிவிடலாம்.

வேகம் வேண்டுமென்றால் ஆர்.ஜி. 15 போல மெல்லிய வடிவங்கள் உண்டு. அதன் அடிப்பக்கம் லேசாக வளைந்தது, கட்டும்போது முட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டாவது விமானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு கன்ட்ரோல் போதுமா? ரடரா, ஐலிரானா?

இரண்டு போதும். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டர் கட்டாயம், கூட ரடர் (நின்ற வாலில் திருப்பும் பலகை) அல்லது ஐலிரான் (இறக்கையின் பின்விளிம்பில் சாய்க்கும் பலகை). ரடர் என்றால் இறக்கை ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு டிகிரி மேல்நோக்கி நிமிர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் ரடர் திருப்பியதும் விமானம் சாயும். லேசான காற்றில் இது அமைதியாகப் பறக்கும். சரிவில் காற்று வலுக்கும்போது உடனே சாய்த்துத் திருப்ப ஐலிரான்தான் நம்பிக்கையானது. என் ஓட்டு ஐலிரானுக்கு. இறக்கையையும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் நிமிர்த்த வேண்டியதில்லை.

இருபத்திரண்டு ரிப்பையும் ஒரே மாதிரி எப்படி வெட்டறது?

ஒவ்வொன்றாக வெட்டினால் ஒரே மாதிரி வராது. மெல்லிய பிளைவுட்டில் ரிப்பின் வடிவத்தில் இரண்டு அச்சுகள் துல்லியமாகச் செய்யுங்கள். 2 மி.மீ. பால்சாவைத் தோராயமாக நறுக்கி, பதினொரு துண்டுகளை அந்த இரண்டு அச்சுக்கும் நடுவில் அடுக்கி, இரண்டு போல்ட் போட்டு இறுக்குங்கள். கத்தியால் சீவி, கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் அச்சின் விளிம்பு வரும்வரை தேயுங்கள். ஸ்பாருக்கான, அதாவது இறக்கை நீளத்துக்கு மேலும் கீழுமாக ஓடும் இரண்டு குச்சிகளுக்கான, பள்ளத்தையும் அடுக்கு பிரியும் முன்பே அறுத்துவிடுங்கள். இன்னொரு முறை செய்தால் அடுத்த பக்க இறக்கையும் தயார்.

அகலம் மாறாத இறக்கை என்று முதலில் சொன்னதற்கு இதுதான் காரணம். நுனியில் குறுகும் இறக்கைக்கு ஒவ்வொரு ரிப்பும் வேறு அளவு.

ரெண்டு ஸ்பாருக்கும் நடுவுல குட்டிக் குட்டியா பால்சா ஒட்டச் சொல்றீங்களே, அதை விட்டுட்டா என்ன ஆகும்?

இறக்கை நடுவில் மடங்கும். இதை விட்டுவிட்டு வந்து கேட்டவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கிறது. மேல் ஸ்பார் நசுங்கப் பார்க்கும், கீழ் ஸ்பார் இழுபடும். இழுவையை மரம் நன்றாகத் தாங்கும். நசுக்கலில்தான் மெல்லிய குச்சி பக்கவாட்டில் நெளிந்து பட்டென்று ஒடிகிறது. இரண்டு ஸ்பாரையும் பிடித்து வைத்து, நெளிய விடாமல் ஒரே உத்தரமாக மாற்றுவது அந்தக் குட்டித் துண்டுகள்தான்.

ஒரே ஒரு விஷயம் தவறக் கூடாது: துண்டுகளின் ரேகை நின்றவாக்கில் இருக்க வேண்டும், இறக்கை நீளவாக்கில் அல்ல. படுக்கவாட்டில் வைத்தால் ரேகையோடு பிளந்துவிடும். வேகமாகக் கீழே பாய்ந்து மேலே இழுக்கும்போது எடை பத்து மடங்கு ஆவது சாதாரணம், அதாவது நம் 400 கிராம் விமானத்தின் இறக்கை அப்போது 4 கிலோவைச் சுமக்கிறது. நடுவிலிருந்து பாதி தூரம் வரைக்குமாவது ஒரு இடைவெளி விடாமல் ஒட்டுங்கள்.

எந்தப் பசை நல்லது?

மூன்று வகை வேண்டும். ரிப், ஸ்பார், வால் எல்லாவற்றுக்கும் மரவேலைக்கான வெள்ளைப் பசை. மெதுவாகக் காயும், நேராக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்த நேரம் கொடுக்கும், காய்ந்தபின் தேய்க்கவும் வரும். சூப்பர் க்ளூ அவசரத்துக்கும் களத்தில் ஒட்டுப் போடவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அதன் ஆவி கண்ணை எரிக்கும். இரண்டு இறக்கையும் சேரும் இடத்துக்கு எபாக்சி. மற்ற இடத்தில் எபாக்சி வெறும் எடை.

இறக்கை காஞ்சப்புறம் லேசா முறுக்கிக்கிச்சு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். நான் செய்த இரண்டாவது கிளைடர் ரேடியோவில் எவ்வளவு டிரிம் (சின்னத் திருத்தம்) கொடுத்தாலும் வேகம் குறைந்தவுடன் இடது பக்கம் விழுந்தது. ரேடியோ, சர்வோ எல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது தெரிந்தது, இடது நுனியின் பின்விளிம்பு 3 மி.மீ. தாழ்ந்திருந்தது. அந்த நுனிதான் எப்போதும் முதலில் காற்றின் பிடியை விட்டது.

முதலில் தடுப்பதைப் பாருங்கள். பலகை கண்ணாடி போல் தட்டையாக இருக்கட்டும், வரைபடத்தின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் விரித்து, ஊசி குத்தி, பசை முழுசாகக் காயும்வரை இறக்கையை எடுக்காதீர்கள். அப்படியும் முறுக்கினால், இறக்கையை மூடும், சூட்டில் ஒட்டிச் சுருங்கும் பிளாஸ்டிக் பிலிம் ஒட்டிய பிறகு சரிசெய்யலாம். ஒருவர் எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் பிலிமைச் சூடாக்கி, ஆறும்வரை பிடியை விடாமல் இருக்க வேண்டும். இரண்டு நுனியிலும் முன்விளிம்பு சமமாக ஒரு டிகிரி தாழ்ந்திருந்தால் அது குறை அல்ல, நல்லதே.

மேல ஒட்டற பிலிம் சுருக்கம் விழாம எப்படி ஒட்டறது?

முக்கால்வாசி வேலை உப்புத்தாளில் முடிந்துவிடும். மரத்தில் இருக்கும் மேடு பள்ளம் எதையும் பிலிம் மறைக்காது. 240, அப்புறம் 400 தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள். முதலில் குறைந்த சூட்டில் விளிம்புகளை மட்டும் ஒட்டி, பிறகு சூட்டைக் கூட்டி நடுவை இழுக்க வையுங்கள். அடிப்பக்கம், மேல்பக்கம் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரே பக்கத்தை முழுசாக இழுத்தால் மேலே சொன்ன முறுக்கல் வந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு நிறம் போடுங்கள், தூரத்தில் விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிய வேண்டும்.

மூக்குல இவ்வளவு ஈயம் போட வேண்டியிருக்கே, நான் என்ன தப்பு செஞ்சேன்?

வாலைக் கனமாகச் செய்துவிட்டீர்கள். சமநிலைப் புள்ளியிலிருந்து வால் 54 செ.மீ. பின்னால், மூக்கு 18 செ.மீ. முன்னால் என்று வையுங்கள். வாலில் கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம். வாலில் 10 கிராம் கூடினால் விமானத்தில் 40 கிராம் ஏறிவிடும், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு. ஷீட்டை எடை போடச் சொன்னது இதற்குத்தான். வாலுக்கு லேசான சி ரகம், குறைந்த பசை, மெல்லிய பிலிம். சர்வோவையும் பேட்டரியையும் முன்னால் தள்ளி வையுங்கள்.

சமநிலைப் புள்ளி எங்க வரணும்?

முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 30 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். நமக்கு 48 மி.மீ. பேட்டரி உட்பட எல்லாம் வைத்த பிறகு, இறக்கையின் அடியில் அந்த இடத்தில் இரண்டு விரலால் தூக்கினால் மட்டமாக நிற்க வேண்டும். கொஞ்சம் மூக்கு தாழ்ந்தால் முதல் நாள் பறக்கும், வால் தாழ்ந்தால் பறக்காது.

நன்றாகச் சரிபார்க்க, நல்ல உயரத்தில் நேராகப் பறக்கும்போது லேசாகக் கீழே பாயவிட்டு ஸ்டிக்கிலிருந்து விரலை எடுங்கள். சட்டென்று மேலே நிமிர்ந்தால் மூக்கு கனம். இன்னும் செங்குத்தாகக் கவிழ்ந்தால் வால் கனம், உடனே இறக்கி மூக்கில் எடை சேருங்கள். மெல்ல மெல்ல நிமிர்ந்தால் சரி. மாற்றும்போது ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

சர்வோ, பேட்டரி எல்லாம் எது வாங்கலாம்?

9 கிராம் சர்வோ போதும், ஆனால் ஆட்டம் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். நான்கு சிறிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், 4.8 வோல்ட், 50 கிராம் போல வரும். அந்த எடை மூக்குக்கு எப்படியும் தேவை. 750 மில்லியாம்ப் மணி இருந்தால் ஒரு மணி நேரம் தாராளமாகப் பறக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டெனாவை கார்பன் குச்சிக்கும் பேட்டரிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

முதல் தடவை எப்படி வீசறது?

வீசும் முன் வலது ஸ்டிக் தள்ளினால் வலது ஐலிரான் மேலே ஏறுகிறதா, பின்னால் இழுத்தால் எலிவேட்டர் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரின் குறைந்த திறன் சோதனையையும் (திறனைக் குறைத்து வைத்துத் தள்ளி நின்று, விமானம் சொன்னபடி கேட்கிறதா என்று பார்ப்பது) செய்துவிடுங்கள். பிறகு விளிம்பில் நின்று, காற்றுக்கு நேராக, மட்டமாக, ஈட்டி எறிவது போல உறுதியாக வீசுங்கள். மேல்நோக்கி வீச வேண்டாம்.

முதலில் நேராக வெளியே போகவிட்டு உயரம் எடுங்கள். அப்புறம் சரிவின் முகத்துக்கு இணையாக இடமும் வலமும் எட்டு போடுங்கள். திருப்பம் எப்போதும் மேட்டை விட்டு வெளிப்பக்கம்.

காத்தோட போற பக்கம் திரும்பும்போது மட்டும் பொத்துனு விழுதே?

விமானத்தில் குறை இல்லை, கண் ஏமாற்றுகிறது. விமானம் காற்றுக்குள் மணிக்கு 30 கி.மீ., காற்று 20 கி.மீ. என்று வையுங்கள். எதிர்க்காற்றில் நம் கண்ணுக்கு அது 10 கி.மீ.யில் ஊர்கிறது, காற்றோடு திரும்பினால் 50-ல் பாய்கிறது. பயந்துபோய் வேகத்தைக் குறைக்க ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கிறோம். காற்றுக்குள் அதன் வேகம் முன்பு இருந்த அதே 30-தான். நம் கிளைடர் 20-ஐ ஒட்டிக் குறைந்தாலே இறக்கை பிடியை விட்டுவிடும், சாய்ந்து திரும்பும்போது அதைவிடச் சீக்கிரம். தரையைப் பார்க்காமல் மூக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கோணம் மாறாவிட்டால் வேகமும் மாறாது.

காத்து பலமா இருக்கும்போது எடை சேர்த்தா நல்லா பறக்குங்கறாங்க. உண்மையா?

உண்மை. எடை கூடினால் எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு இறங்கும் என்ற விகிதம் அதிகம் மாறாது, அதே பாதையில் வேகமாகப் போகும். வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும். 100 கிராம் சேர்த்து 500 ஆக்கினால் வேகம் சுமார் 12 சதவீதம் கூடும், இறங்கும் வேகமும் அதே அளவு. பலமான காற்றில் இரண்டாவதைப் பற்றிக் கவலை இல்லை, முன்னேற முடிவதுதான் முக்கியம். எடையைச் சரியாகச் சமநிலைப் புள்ளியின்மேல் வைத்து, அசையாமல் கட்டுங்கள். ஸ்பாருக்கு நடுவில் துண்டு ஒட்டாத இறக்கையில் இதைச் செய்யவே வேண்டாம்.

வேகமா பாயும்போது டர்ர்ர்னு ஒரு சத்தம் வருது, அது என்ன?

ஐலிரான் காற்றில் படபடக்கிறது. உடனே மெல்ல நிமிர்த்தி வேகத்தைக் குறைத்து இறக்குங்கள், சில நொடியில் கீலையோ இறக்கையையோ பிய்த்துவிடும். சர்வோ அசையாமல் இருக்க, ஐலிரானை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஒரு மி.மீ. ஆடினாலும் அதுதான் காரணம். சர்வோவையும் ஐலிரானையும் இணைக்கும் கம்பி நுழையும் ஓட்டை பெரிதாகியிருக்கும், அல்லது கம்பி மெலிதாக வளையும். கீல் இடைவெளியை டேப் ஒட்டி மூடினாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

நடுவுல ரெண்டா ஒடஞ்ச இறக்கையை ஒட்ட முடியுமா?

முடியும், உடைந்த துண்டுகள் எல்லாம் கையில் இருந்தால் இன்னும் நல்லது. களத்தில் ஒரு சிம்பு விடாமல் பொறுக்குங்கள். பிய்ந்த விளிம்பைச் சீவாமல் அப்படியே சேர்த்துப் பாருங்கள், பால்சா உடைந்த வழியிலேயே பல் பல்லாகப் பொருந்தும். ஸ்பார் மட்டும் அப்படி ஒட்டினால் நிற்காது. அதன் கனத்தைப் போலப் பத்து மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, புதுத் துண்டையும் அதே சாய்வில் சீவி, வெள்ளைப் பசை போட்டு இறுக்கிக் கட்டி, ஒரு இரவு விடுங்கள். நடுத் துண்டுகளைப் புதிதாக, நின்றவாக்கு ரேகையோடு ஒட்டுங்கள்.

பிலிம் மூடும் முன் இரண்டு பக்க இறக்கையையும் எடை போடுங்கள். ஒட்டுப் போட்ட பக்கம் சில கிராம் கூடியிருக்கும். மறுபக்க நுனியில் ஈயத்தைச் சிறு சிறு துண்டாக வைத்து, விமானத்தை மூக்கிலும் வாலிலும் பிடித்துத் தூக்கும்போது எந்தப் பக்கமும் சாயாத வரை சரிசெய்து, பிறகு மூடுங்கள்.